காரைக்குடியிலிருந்து தனுஷ்கோடி: கூட்டத்தில் சிக்காமல் இரண்டு நாள்

1. முதலில் காலண்டர், அப்புறம் ரூம்

ராமேஸ்வரம் போய் அமைதியே இல்லை என்று திரும்புகிறவர்கள் பெரும்பாலும் நாளில்தான் கோட்டை விடுகிறார்கள். ஆடி, தை, மகாளய அமாவாசைகளில் அக்னி தீர்த்தக் கடற்கரையில் கால் வைக்க இடமிருக்காது. கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் வருவார்கள். மாசியில் சிவராத்திரித் திருவிழா. அது முடிந்து பங்குனியில் அமாவாசை இல்லாத ஒரு செவ்வாய், புதனை எடுத்துக்கொள்ளுங்கள். தங்குவதற்கு நகரத்தார் விடுதியே நல்லது. கோயிலுக்கு நடந்தே போய் வரலாம். முன்கூட்டியே போன் செய்து விதிமுறைகளைக் கேட்டுவிடுங்கள்.

2. பயணம்

காரில் தேவகோட்டை, திருவாடானை, தேவிபட்டினம், ராமநாதபுரம் வழியாக ஏறத்தாழ மூன்று மணி நேரம். பாம்பன் சாலைப் பாலத்தில் படம் எடுக்க வண்டியை நிறுத்தாதீர்கள், பின்னால் வருகிற பஸ்ஸுக்கு ஒதுங்க வழியிருக்காது. கடலை நிதானமாகப் பார்க்க ஆசையென்றால் ரயில்தான் சரி. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில், கப்பலுக்கு வழிவிட நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும்பும். 1914-இல் கட்டிய பழைய பாலத்தில் அது இரண்டு கைகளாகப் பிரிந்து திறந்தது; அதில் இப்போது ரயில் ஓடுவதில்லை.

3. விடியற்காலையில் தனுஷ்கோடி, சாயங்காலம் கோயில்

பலரும் காலையில் கோயிலை முடித்துவிட்டு உச்சி வெயிலில் தனுஷ்கோடிக்குக் கிளம்புகிறார்கள். மணல் சுடும், நிழல் கிடையாது, கூட்டமும் அப்போதுதான். மாலையானால் சோதனைச் சாவடியில் உள்ளே விடமாட்டார்கள். ஆகவே விடிந்ததும் சாவடியில் இருங்கள். கார் இல்லாதவர்களுக்கு ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனைக்கு டவுன் பஸ் உண்டு.

1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் அழிந்த ஊர் இது. இடிந்த தேவாலயமும் ரயில் நிலையச் சுவர்களும் மிச்சம். 1914 முதல் புயல் வரை இங்கிருந்துதான் தலைமன்னாருக்குக் கப்பல். கொழும்பில் கொடுக்கல் வாங்கல் செய்த நம்மூர்ச் செட்டியார்கள் போய்வந்த துறை. அதை மனதில் வைத்துக்கொண்டு அந்தச் சுவர்களுக்கு நடுவே கால் மணி நேரம் சும்மா நில்லுங்கள்.

அரிச்சல்முனையில் குளிக்கவே கூடாது. இரண்டு கடலும் சேருமிடத்தில் நீரோட்டம் காலை வாரிவிடும். ஒரு பக்கம் குளம்போல் இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். காற்று திசை மாறும் பருவத்தில் அமைதியான பக்கமும் மாறிவிடும்.

4. கார் மணலில் புதைந்தால்

தார் ரோட்டை விட்டு இரண்டடி இறங்கினாலே போதும், புதைந்துவிடும். அப்போது ஆக்சிலேட்டரை மிதிப்பதுதான் எல்லோரும் செய்கிற தவறு. சக்கரம் சுற்றச் சுற்றக் குழி ஆழமாகி, வண்டியின் அடிவயிறு மணலில் உட்கார்ந்துவிடும். உடனே நிறுத்துங்கள். எல்லோரும் இறங்குங்கள். சக்கரத்தின் முன்னும் பின்னும் மணலைக் கையால் வாருங்கள். டயர் காற்றை 18–20 பிஎஸ்ஐ வரை இறக்குங்கள். டயர் அகலமாகப் படிந்து மணலைப் பிடிக்கும். எஞ்சின் எந்தச் சக்கரத்தை இழுக்கிறதோ அதன் அடியில் கார் மிதியடியைச் செருகி, வந்த தடத்திலேயே ரிவர்ஸில் மெதுவாக எடுங்கள். காற்றை மறுபடி ஏற்றும்வரை வேகம் கூடாது. சிகரெட் லைட்டரில் மாட்டும் சின்ன ஏர் பம்ப் ஒன்று கட்டாயம் வேண்டும். கால் பம்ப் வேண்டாம், வெயிலில் ஆளைக் கொன்றுவிடும்.

வீடு திரும்பியதும் வண்டியின் அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்பு இரும்பைத் தின்னும்.

5. சாப்பாடு

தனுஷ்கோடியில் குடிசைக் கடைகளில் பொரித்த மீன் கிடைக்கும். சாயங்காலம் கோயிலுக்குப் போகிறவர்களுக்குக் கட்டுச்சோறுதான் தோது: புளியோதரை, வற்றல், ஒரு சம்புடம் சீப்புச்சீடை. தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர்.

6. கோயில்

மதியம் நடை சாத்தி, 3 மணிவாக்கில் திறப்பார்கள். 22 தீர்த்தமும் ஆடிய ஈரத்துணியோடு சன்னிதிக்குள் விடமாட்டார்கள், மாற்றுத்துணி அவசியம். போனை ரூமிலேயே வையுங்கள். 1212 தூண்கள் உள்ள மூன்றாம் பிரகாரத்தைத் தரிசனத்துக்குப் பிறகு நடந்தால் அவசரமில்லாமல் பார்க்கலாம்.

பின்சேர்ப்பு: ஸ்படிக லிங்க தரிசனம் விடியற்காலையில் மட்டும்தான். தனுஷ்கோடியோடு அதை ஒரே காலையில் சேர்க்காதீர்கள், ஊர் திரும்பும் நாளுக்கு வையுங்கள். பெரியவர்கள் கூட வந்தால் தீர்த்தமாடுவதையும் அன்றைக்கே வைத்துக்கொள்ளலாம். ஈரத்தரை வழுக்கும், கையைப் பிடித்துக் கூட்டிப்போங்கள்.