எந்தக் கார் நன்றாக உழைக்கும்? இரண்டு கம்பெனிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

கம்பெனிப் பெயரை முதலில் ஓரமாக வையுங்கள். பழுதாவது ஒரு குறிப்பிட்ட வருடத்தில் வந்த குறிப்பிட்ட இன்ஜினும், அதோடு சேர்ந்து வரும் கியர்பாக்ஸும்தான். சுசுகி ஆலையில் தயாராகும் பலேனோதான் சின்னம் மாறி டொயோட்டா ஷோரூமில் கிளான்சாவாக நிற்கிறது. நிசான் மேக்னைட்டும் ரெனோ கைகரும் சென்னை அருகே ஓரகடத்தில் ஒரே ஆலையில் உருவாகின்றன. ஹூண்டாய் கிரெட்டாவுக்கும் கியா செல்டோஸுக்கும் 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் பொது. இந்த ஜோடிகளில் ‘எந்த இன்ஜின் உழைக்கும்’ என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். சர்வீஸும் வாரண்டியும் எங்கே நன்றாக இருக்கிறது என்று மட்டும் பார்த்தால் போதும்.

அதே சமயம் ஒரே கம்பெனியின் ஒரே காரில் மேனுவல் ஒரு மாதிரி உழைக்கும், ஆட்டோமேட்டிக் வேறு மாதிரி உழைக்கும். அதனால் ஒரு நோட்டில் இரண்டு வண்டிக்கும் நான்கு விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள்: இன்ஜின், கியர்பாக்ஸ், எரிபொருள், மாடல் வருடம். இனிமேல் யாரிடம் எது கேட்டாலும் இந்த நான்கையும் சொல்லித்தான் கேட்க வேண்டும். புதிதாக அறிமுகமான மாடலாக இருந்தால் முதல் வருடம் வாங்காமல் தள்ளிப்போடுவது நல்லது. முதல் மழையும் முதல் கோடையும் தாண்டினால்தான் அதன் குறைகள் வெளியே வரும்.

வண்டி எங்கே ஓடப்போகிறது என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். மதுரையில் காளவாசல், கோரிப்பாளையம் சிக்னல்களில் ஊர்ந்து ஊர்ந்து போகும் வண்டிக்கு, ஆயிலில் மூழ்காத உலர் கிளட்ச் உள்ள டிசிடி (இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸ் அவ்வளவாக ஒத்துவராது. வண்டி நகரும்போது கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் பாதி உரசிக்கொண்டே இருப்பதால் சூடேறும். ஏஎம்டி என்ற ஆட்டோமேட்டிக் வகையில் இருப்பதும் சாதாரண கிளட்ச்தான். காலுக்குப் பதில் ஒரு மோட்டார் மிதிக்கிறது, அவ்வளவே. மேம்பால ஏற்றத்தில் பிரேக் மிதிக்காமல் ஆக்ஸிலரேட்டரால் வண்டியை நிறுத்திப் பிடித்தால் பிளேட் சீக்கிரம் தேயும். டார்க் கன்வர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக்கில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே ஆயில்தான் வேலை செய்கிறது. ஊர்ந்து போவதும் கொடைக்கானல் மலைப்பாதையும் அதற்குப் பெரிய தொல்லை இல்லை.

டீசல் என்றால் டிபிஎஃப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். 2020 ஏப்ரல் முதல் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் இந்த வடிகட்டி டீசல் கார்களில் வந்துவிட்டது. சேர்ந்த கரி எரிய வேண்டுமானால் வண்டி கொஞ்ச நேரம் விடாமல் சீரான வேகத்தில் ஓட வேண்டும். ஊருக்குள்ளேயே அண்ணா நகரிலிருந்து சிம்மக்கல் போய்த் திரும்பும் வண்டியில் அது நடக்காது, டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிய ஆரம்பித்துவிடும். ‘அந்தக் கம்பெனி டீசல் மோசம்’ என்ற புகார்களில் ஒரு பங்கு இப்படித் தப்பான உபயோகத்தால் வருவது.

அடுத்தது விசாரணை. சொந்தக்காரர்களைவிட டாக்ஸி டிரைவர்களிடம் கேட்பதே நல்லது. வீட்டுக் கார் பத்து வருடத்தில் ஓடும் தூரத்தை மஞ்சள் போர்டு வண்டி இரண்டு மூன்று வருடத்தில் ஓடிவிடும். ரயில்வே ஜங்ஷன், விமான நிலையம், மாட்டுத்தாவணி என்று எங்கே டாக்ஸி நின்றாலும் போய்ப் பேசலாம். ‘வண்டி எப்படி?’ என்று கேட்டால் ‘சூப்பர்’ என்றோ ‘வேஸ்ட்’ என்றோதான் பதில் வரும், இரண்டாலும் பயனில்லை. பதிலில் ஒரு எண் வருகிற மாதிரிக் கேளுங்கள்:

“அண்ணே, வண்டி எம்புட்டு ஓடியிருக்கு?”
“ரெண்டே கால் லட்சம்.”
“கிளட்ச் எப்பண்ணே மாத்துனீங்க?”
“ஒண்ணே கால்ல ஒருக்கா.”
“நடுவழில நின்னிருக்கா?”

கிளட்ச், லோயர் ஆர்ம், ஏசி கம்ப்ரஸர், ஆல்டர்னேட்டர், டர்போ, இன்ஜெக்டர் ஆகிய ஆறையும் எத்தனை கிலோமீட்டரில் மாற்றினார்கள் என்று கேட்டு எழுதுங்கள். ஒரு மாடலுக்கு ஐந்தாறு டிரைவர்களாவது வேண்டும். டாக்ஸி பெரும்பாலும் நெடுஞ்சாலையில் ஓடுவதால் அதன் கிளட்ச் கணக்கு உங்கள் வண்டிக்கு அப்படியே பொருந்தாது. டாக்ஸியை டாக்ஸியோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

ரேடியேட்டர் அடைத்தது, இன்ஜின் சூடேறியது என்று யாராவது சொன்னால் ‘கூலன்ட் குறைந்தபோது என்ன ஊற்றினீர்கள்?’ என்று கேளுங்கள். போர்த் தண்ணீர் ஊற்றியிருந்தால், கெட்டிலில் படிகிற அதே வெள்ளை உப்பு ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் படிந்திருக்கும். அந்தப் பழியைக் கம்பெனி மேல் போடுவது நியாயமில்லை.

புகார்களை எண்ணும்போது விற்பனை எண்ணிக்கையால் வகுக்க மறந்துவிடக் கூடாது. இந்தியாவில் விற்கும் பத்து கார்களில் ஏறக்குறைய நான்கு மாருதி. நூறு புகாரில் நாற்பது மாருதி பற்றி இருந்தால் அது சராசரிதான். கொஞ்சமாக விற்கும் கம்பெனி மீது இருபது புகார் இருந்தால்தான் யோசிக்க வேண்டும். அமெரிக்க ஆய்வுகளில் ‘நூறு வண்டிக்கு இத்தனை குறை’ என்று வரும் தரவரிசையை இங்கே கொண்டுவருவதிலும் பயனில்லை. அங்கே விற்கும் மாடலும் இன்ஜினும் வேறு, போன் ப்ளூடூத்தில் சேராததும் கியர்பாக்ஸ் போனதும் அதில் ஒவ்வொரு குறையாகவே எண்ணப்படும். நீங்கள் எண்ணும்போது வண்டியை நடுரோட்டில் நிறுத்தும் பழுதுக்கு 10, செலவு வைக்கும் பழுதுக்கு 4, சும்மா எரிச்சல் தருவதற்கு 1 என்று மதிப்பெண் கொடுங்கள். மோதல் சோதனையில் தரும் பாரத் என்கேப் நட்சத்திரங்களை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அவை மோதினால் உயிர் பிழைப்பதைப் பற்றியவை.

ரீகால் (குறையுள்ள வண்டிகளைக் கம்பெனியே திரும்ப அழைத்துச் சரிசெய்வது) விவரம் கம்பெனி இணையதளத்திலும், வாகன உற்பத்தியாளர் சங்கமான சியாமின் தளத்திலும் கிடைக்கும். ரீகால் வந்தாலே மோசமான வண்டி என்று அர்த்தமில்லை. எந்தப் பாகம், எந்தத் தேதிக்குள் தயாரான வண்டி என்று பாருங்கள். 2021 செப்டம்பரில் மாருதி மோட்டார் ஜெனரேட்டர் யூனிட் என்ற மின்பாகத்தைச் சோதிக்க 1,81,754 பெட்ரோல் கார்களைத் திரும்ப அழைத்தது. எர்டிகா, சியாஸ், விட்டாரா பிரெஸ்ஸா உள்ளிட்டவை. 2018 மே 4 முதல் 2020 அக்டோபர் 27 வரை தயாரானவை. பழைய எர்டிகா பார்க்கிறவர் 17 எழுத்துள்ள சேஸிஸ் நம்பரைப் போட்டு, அந்தச் சோதனை முடிந்ததா என்று பார்த்துவிடலாம்.

பலர் செய்யாமல் விடுவது உதிரிபாகக் கடை விசாரணை. அந்த மாடல் வைத்திருக்கும் தெரிந்தவரின் ஆர்சி நகலை வாங்கிக்கொண்டு கம்பெனி பார்ட்ஸ் கவுண்டருக்கும், வெளியே ஒரு ஸ்பேர் கடைக்கும் போங்கள். முன் பம்பர், ஹெட்லைட், சைடு மிரர், கிளட்ச் செட், முன் பிரேக் பேட், லோயர் ஆர்ம், ஏசி கண்டன்சர், ரேடியேட்டர் என எட்டுக்கும் விலை கேளுங்கள். விலைக்குப் பக்கத்தில் ‘கையில் இருக்கிறது / நாளைக்கு வரும் / ஆர்டர்’ என்று குறித்துக்கொள்ளுங்கள். எல்இடி ஹெட்லைட்டில் பல்பு மட்டும் மாற்ற முடியாமல் முழு செட்டும் வாங்க வேண்டியிருக்கலாம், அதையும் கேளுங்கள். எட்டில் நான்குக்கு ‘ஆர்டர்’ என்று வந்தால், வண்டி எவ்வளவு உறுதியாக இருந்தாலும் ஒரு சின்ன மோதலுக்கு வாரக்கணக்கில் ஷெட்டில் நிற்கும்.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. பிரேக் பேட், லிங்க் ராடு அலமாரி நிறைய இருப்பது நல்ல அறிகுறி. தேய வேண்டிய பாகம் சுலபமாகக் கிடைக்கிறது. ஆனால் ஸ்டியரிங் ராக், ஏசி கம்ப்ரஸர் போன்ற விலை கூடிய சாமான் ஒரே மாடலுக்கு நாலைந்து அடுக்கியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஓடாத சரக்கில் எந்தக் கடைக்காரரும் பணத்தை முடக்க மாட்டார். அந்த மாடல் ஊரில் எத்தனை ஓடுகிறது என்பதையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும்.

சர்வீஸ் சென்டருக்குச் சனிக்கிழமை சாயங்காலம் போங்கள். டெலிவரி எடுக்க வந்தவர்கள் பில்லைப் பிடித்துக்கொண்டு அட்வைசரிடம் என்ன பேசுகிறார்கள் என்று பத்து நிமிடம் கேட்டாலே நிறையத் தெரியும். பிறகு ஷெட்டின் பின்பக்கம் பாருங்கள். கண்ணாடியில் விரலால் பெயர் எழுதுகிற அளவுக்குத் தூசி படிந்து, ஒரு டயரில் காற்று இறங்கி நிற்கும் வண்டிகள் பார்ட்ஸுக்கோ இன்சூரன்ஸுக்கோ காத்திருப்பவை. எத்தனை, எந்த மாடல், எவ்வளவு நாளாக நிற்கிறது என்று வாட்ச்மேன் அண்ணனே சொல்லிவிடுவார்.

வாரண்டியில் வருடத்தையும் கிலோமீட்டரையும் சேர்த்துப் பாருங்கள். மாருதி 2 வருடம் அல்லது 40,000 கிலோமீட்டர் என்றிருந்ததை 2024 ஜூலையில் 3 வருடம் அல்லது 1 லட்சம் ஆக்கியது. இரண்டில் எது முதலில் வருகிறதோ அதோடு முடிந்துவிடும். கிளட்ச் பிளேட், பிரேக் பேட், வைப்பர் போன்ற தேயும் பாகங்கள் பொதுவாக இதில் வராது. வெளிக்கடையில் வயரை வெட்டி மியூசிக் சிஸ்டம் மாட்டினால் எலக்ட்ரிக்கல் கோளாறுக்கு வாரண்டி மறுக்க வாய்ப்புண்டு. வயரை வெட்டாமல் செருகும் கப்ளர் போட்டு மாட்டச் சொல்லுங்கள். 60,000 கிலோமீட்டர் வரை சர்வீஸ் அட்டவணையையும் எஸ்டிமேட்டையும் எழுத்தில் வாங்குங்கள்.

பழைய வண்டியாக இருந்தால் இத்தனை ஒப்பீட்டையும் வெள்ளத்தண்ணீர் ஒரே நாளில் பொய்யாக்கிவிடும். 2023 டிசம்பரில் சென்னையிலும், அதே மாதம் நெல்லை, தூத்துக்குடியிலும் கார்கள் மூழ்கின. டிஎன் 58, 59, 64 என்று உள்ளூர் நம்பர் இல்லாத வண்டியில் சீட் பெல்ட்டை முழுதாக இழுத்து, அடிப்பகுதியில் சேற்றுக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். சீட் தண்டவாளத்தின் துருவையும், ஸ்டெப்னிக் குழியையும் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

இரண்டு வண்டியும் கணக்கில் சமமாக வந்தால் சர்வீஸ் சென்டர் எது பக்கம் என்று பாருங்கள். உசிலம்பட்டியிலோ மேலூரிலோ இருப்பவருக்கு ஒவ்வொரு சர்வீஸுக்கும் மதுரை வந்து திரும்ப ஒரு நாள் போகும். ஊர்ப் பட்டறை மெக்கானிக் தைரியமாகக் கை வைக்கும் வண்டி எதுவோ, அதையே எடுங்கள்.