கவலைப்பட அரை மணி நேரம் ஒதுக்குவது எப்படி?

"கவலைப்படாதே" என்று சொல்லி யாருடைய கவலையும் போனதில்லை. அதனால் இங்கே நேர் எதிரான ஒரு வழியைச் சொல்கிறேன். தாராளமாகக் கவலைப்படுங்கள், ஆனால் அதற்கென்று ஒதுக்கிய நேரத்தில் மட்டும். அமெரிக்க உளவியலாளர் தாமஸ் போர்கோவெக்கும் அவருடைய குழுவினரும் 1983-இல் வெளியிட்ட முறை இது. மனநல ஆலோசகர்கள் இன்றும் சொல்லித் தருகிறார்கள். ஒரு சின்ன நோட்டும் பேனாவும் போதும்.

படி 1: நேரம், இடம்

தினமும் ஒரே நேரம், ஒரே இடம், அரை மணி. சாயங்காலம் நல்லது; தூங்கப் போகும் நேரத்தை ஒட்டி வேண்டவே வேண்டாம். படுக்கையிலும் உட்காராதீர்கள். ராத்திரி தலையணையில் தலை வைத்ததும் வீட்டுக் கடன் நினைவுக்கு வருகிறதே, ஏன்? அங்கே படுத்துக்கொண்டு கவலைப்பட்டே மனசு பழகிவிட்டது. அந்தப் பழக்கத்தைக் கட்டிலிலிருந்து பிரித்து மொட்டை மாடி பிளாஸ்டிக் நாற்காலிக்கு மாற்றுவதுதான் இதன் சூட்சுமமே. வீட்டில் தனியிடம் இல்லையா? தெருமுனை பார்க் பெஞ்ச் போதும்.

படி 2: பகலில் வந்தால் குறித்து வையுங்கள்

வேலை நடுவே கவலை தலைகாட்டினால் இரண்டு மூன்று வார்த்தை மட்டும் எழுதுங்கள். "அம்மா ஸ்கேன் ரிப்போர்ட்." அவ்வளவுதான். "ஆறரைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று கையிலிருக்கும் வேலைக்குத் திரும்புங்கள். அதே கவலை பத்து நிமிடத்தில் மறுபடி வரும்; பக்கத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு மறுபடி தள்ளுங்கள். போனில் குறிக்கலாமே என்பீர்கள். போனைத் திறந்தால் வாட்ஸ்அப்பும் சேர்ந்து திறக்கும், எனவே காகிதம்தான்.

படி 3: அந்த அரை மணி

அலாரம் வைத்துவிட்டுப் பட்டியலைப் படியுங்கள். காலையில் பூதமாகத் தெரிந்த சிலது சாயங்காலத்துக்குள் பிசுபிசுத்துப் போயிருக்கும். அவற்றை அடித்துவிடுங்கள். மீதிக்கு ஒரே கேள்வி: இதில் நான் செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா?

இருந்தால், நாளைக் குறிப்பிட்டு ஒரு வேலையாக எழுதுங்கள். "ஸ்கூல் பீஸுக்குப் பணம் புரட்ட வேண்டும்" என்பது வேலை அல்ல, அதுவும் கவலைதான். "திங்கட்கிழமை காலை ஆபீஸ் ரூமில், இரண்டு தவணையாகக் கட்டலாமா என்று கேட்க வேண்டும்" என்பது வேலை.

செய்ய ஒன்றும் இல்லையென்றால்? ஸ்கேன் ரிப்போர்ட் வியாழக்கிழமைதான் வரும், அதுவரை நம் கையில் எதுவும் இல்லை. அப்போது பயத்தை முழு வாக்கியமாக எழுதுங்கள். என்ன வந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள்? அப்படியே வந்தால் அடுத்து யாரிடம் போவீர்கள்? மனசுக்குள் சுற்றிக்கொண்டே இருப்பது, எழுதும்போது ஓர் இடத்தில் முடிந்தாக வேண்டும். அலாரம் அடித்ததும் பாதி வரியில் இருந்தாலும் நோட்டை மூடிவிடுங்கள். எழுத எதுவும் இல்லாத நாளில் சீக்கிரமே எழுந்துவிடலாம், தேடிப் பிடித்துக் கவலைப்பட அவசியமில்லை.

படி 4: எழுந்திருக்கும் முன்

நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். சில நிமிடம் போதும். மூச்சை விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே குறையும். அதனால்தான் விடும் நேரத்தை நீட்டச் சொல்கிறார்கள். அப்புறம் பாத்திரம் கழுவுவதோ கடைக்குப் போவதோ, உடம்பு அசையும் ஒரு வேலை.

நோட்டு போதாத இடம்

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ பசியோ இல்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் சாயங்காலம்வரை தள்ளிப்போடும் பேச்சே கிடையாது, உடனே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவைக்கு 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். இலங்கையில் இருப்பவர்கள் மனநல உதவிக்கு அழைக்க வேண்டிய எண் 1926. வீட்டில் வேறொருவரைப் பற்றிப் பயமாக இருந்தாலும் நீங்கள் அழைத்துக் கேட்கலாம்.