சீஸ் பண்ணின கார் ஏலத்துக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு

ஏலம் என்றதும் ஒருவர் சுத்தியலோடு நின்று கூவுவார் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். அப்படியும் நடப்பதுண்டு, ஆனால் கொழும்பில் விலைக்கு வருவதில் நிறைய, தவணை கட்டாததால் லீசிங் கம்பெனிகள் சீஸ் பண்ணின வாகனங்கள்தான். யார்டில் வரிசையாக விட்டிருப்பார்கள், பார்த்துவிட்டு உங்கள் விலையை எழுதி மூடிய உறையில் போட வேண்டும். பக்கத்தில் நிற்பவர் எவ்வளவு போட்டார் என்று தெரியவே தெரியாது.

ஓட்டிப் பார்க்க அநேகமாக விடமாட்டார்கள். ஸ்டார்ட் பண்ணிக் காட்டுவார்கள், அதுவும் பற்றரி இறங்காமல் இருந்தால். அதனால் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள், அவருக்கு ஒருநாள் கூலி கொடுப்பது நட்டமே இல்லை. முதலில் பொனட்டைத் தொட்டுப் பாருங்கள். ஏற்கெனவே சூடாக இருந்தால், குளிர்ந்த எஞ்சின் போடும் சத்தம் உங்களுக்குக் கேட்கப் போவதில்லை. அப்புறம் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சீட்டுக்குக் கீழே கார்பெட்டைத் தூக்கி மணந்து பாருங்கள். 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகி கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் எவ்வளவு வாகனம் தண்ணீரில் நின்றது என்று கொழும்புக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. மேலே எவ்வளவு பொலிஷ் அடித்தாலும் பெல்ட்டின் உள்பக்கத்தில் சேற்றுக் கறை நிற்கும். அக்வா, பிரியஸ் மாதிரி ஹைபிரிட் என்றால் ஸ்கேன் பண்ணாமல் விலை போடவே கூடாது. ஹைபிரிட் பற்றரி என்ன விலை போகிறது என்று உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தையில் முதல்நாளே விசாரித்து, அதை உங்கள் கணக்கில் கழித்துவிடுங்கள்.

வாகனத்தை விட ஆவணம்தான் தலையிடி. வாகனத்தின் பதிவுப் புத்தகமான சிஆர் புத்தகத்தில் லீசிங் கம்பெனி எப்சலூட் ஓனராக (முழு உரிமையாளராக) இருக்கும், தவணை கட்டாத ஆள் பதிவு உரிமையாளராக இருப்பார். செசி நம்பரையும் எஞ்சின் நம்பரையும் நேரில் ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த ஆள் வழக்கு ஏதும் போட்டிருக்கிறாரா, பெயர் மாற்றத்துக்கான எம்டிஏ 6 படிவமும் லீசிங் கம்பெனியின் விடுவிப்புக் கடிதமும் எப்போது கைக்கு வரும் என்று கேளுங்கள். "பிறகு தருவோம்" என்றால் எழுத்தில் வாங்குங்கள். வருமான அனுமதிப்பத்திரம் எத்தனை வருடம் நிலுவை என்பதையும் பாருங்கள், அது உங்கள் தலையில்தான் விழும்.

விலை விஷயத்தில் கார் சேல்காரர்களைக் கவனியுங்கள். அவர்கள் இலாபம் வைத்து விற்க வாங்குகிறவர்கள், நீங்கள் ஓட வாங்குகிறீர்கள், அதனால் அவர்களை விடக் கொஞ்சம் கூடப் போடலாம். ஆனால் அவர்களில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்காத காரை "மலிவு" என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். 2020 மார்ச்சில் நின்ற இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்த பிறகு விலைகள் ஆடிக்கொண்டே இருக்கின்றன. பழைய விளம்பர விலையை நம்பி எழுதாதீர்கள்.

டிபொசிட் கட்டும்முன் நிபந்தனைத் தாளை முழுக்க வாசியுங்கள், மீதிக் காசைக் கட்டும் நாள் தவறினால் டிபொசிட் போய்விடும். அதே காருக்கு அங்கேயே லீசிங் தருகிறோம் என்பார்கள். வட்டியை வெளியிலும் கேட்டுப் பார்க்காமல் தலையாட்ட வேண்டாம்.

சரி, கிடைத்துவிட்டதா? அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும் இல்லாத காரை ரோட்டில் ஓட்டிக்கொண்டு வர முடியாது, காரை ஏற்றி வரும் கெரியர் ஒன்றை முன்கூட்டியே பேசி வையுங்கள். ரிமோட் திறப்பு இரண்டும் இருக்கிறதா என்று கையெழுத்துப் போடும்முன்பே கேளுங்கள்.