‘மெல்ல... மெல்ல... போதும்!’: ரோபோ காருக்கு ஃபஸ்ஸி லாஜிக் சொல்லிக்கொடுப்பது எப்படி?

லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று கிளீனர் குரல் கொடுப்பதைக் கேட்டிருப்பீர்கள். ‘வா... வா... வா... மெல்ல... மெல்ல... போதும்!’ ஓர் இடத்தில்கூட அவர் சென்டிமீட்டர் கணக்குச் சொல்வதில்லை. டிரைவருக்குப் புரிகிறது, வண்டியும் சுவருக்கு முன்னால் நின்றுவிடுகிறது.

இதே பேச்சை ஒரு சின்ன ரோபோ காருக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் இன்றைய வேலை. தேவையானவை: ஆர்டுயினோ ஊனோ போர்டு (காரின் மூளை), எல்298என் மோட்டார் டிரைவர், மஞ்சள் நிற பிஓ மோட்டார் இரண்டு, தூரம் அளக்கும் எச்.சி-எஸ்ஆர்04 அல்ட்ராசோனிக் சென்சார் ஒன்று. வயரிங் பற்றி எழுதப்போவதில்லை, அதற்கு வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. யோசிக்கும் பகுதியை மட்டும் பார்ப்போம். அதற்கு முதலில் வேண்டியது பேப்பரும் பேனாவும்தான்.

‘50-க்குக் கீழே நில்’ ஏன் சரிவராது?

எல்லோரும் முதலில் எழுதுவது இதைத்தான்: தூரம் 50 செ.மீ.க்குக் குறைந்தால் நில், இல்லாவிட்டால் ஓடு. ஓடவிட்டுப் பாருங்கள். சென்சார் ஒருமுறை 50.3 என்கிறது, அடுத்த நொடி 49.8 என்கிறது. காருக்கு விக்கல் வந்ததுபோல் ஆகிவிடும். அரை சென்டிமீட்டருக்குள் ‘ஓடு’ என்பது ‘நில்’ ஆகிவிடுவதுதான் கோளாறு.

கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இருந்த லோட்ஃபி ஸாதே 1965-இல் இதற்கு ஒரு வழி சொன்னார். ஒரு பொருள் ஒரு வகைக்குள் இருக்கிறது அல்லது இல்லை என்று வெட்டாமல், எவ்வளவு இருக்கிறது என்று 0 முதல் 1 வரை மார்க் போடலாம். ஃபஸ்ஸி லாஜிக்கின் அடிப்படை இதுதான். 1987-இல் ஜப்பானின் செண்டாய் நகரில் ஓடத் தொடங்கிய சுரங்க ரயில், குலுங்காமல் கிளம்பவும் நிற்கவும் இந்த முறையைத்தான் பயன்படுத்தியது. நம் கார் அதற்கு ரொம்பத் தூரத்துச் சொந்தம்.

படி 1: தூரத்துக்கு மூன்று சொற்கள்

கிட்ட, நடுவில், தூரம். இவை போதும், ஏழெட்டுச் சொற்கள் வைத்துக்கொண்டால் பிறகு விதி எழுதிக் கை வலிக்கும்.

‘கிட்ட’ என்பதற்கு 20 செ.மீ. வரை முழு மார்க், அதாவது 1. அங்கிருந்து ஒரே சரிவாக இறங்கி 60 செ.மீ.யில் 0. ‘நடுவில்’ என்பது 20-இல் 0, ஏறி 60-இல் 1, திரும்ப இறங்கி 100-இல் 0. ‘தூரம்’ 60-இல் தொடங்கி 100-இல் 1 ஆகி, அதன்பின் அப்படியே நிற்கும்.

இப்போது சென்சார் 50 செ.மீ. காட்டுகிறது என்று வையுங்கள். கிட்ட = (60 − 50) ÷ 40 = 0.25. நடுவில் = (50 − 20) ÷ 40 = 0.75. அதாவது பெரும்பாலும் நடுவில், கொஞ்சம் கிட்ட.

ஒரு சொல்லின் சரிவு முடியும் முன்பே அடுத்த சொல் தொடங்கியிருக்க வேண்டும். நடுவே இடைவெளி விட்டால் அந்தத் தூரத்தில் எல்லா மார்க்கும் 0 ஆகி, படி 4-இல் சைபரால் வகுக்கும் நிலை வரும்.

படி 2: அசைவுக்கு மூன்று சொற்கள்

தூரம் மட்டும் தெரிந்தால் போதாது. எதிரே இருப்பது நெருங்குகிறதா, அப்படியே இருக்கிறதா, விலகுகிறதா? 100 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை தூரத்தை அளந்து, முந்தைய அளவிலிருந்து கழித்து 10-ஆல் பெருக்கினால் நொடிக்கு எத்தனை செ.மீ. என்று வந்துவிடும்.

வேகம் 0 என்றால் ‘அப்படியே’ 1. நொடிக்கு 20 செ.மீ. வேகத்தில் நெருங்கினால் ‘நெருங்குகிறது’ 1. இடையில் இருப்பதெல்லாம் சரிவு. விலகுவதற்கும் இதே கணக்கு, மறுபக்கம்.

முன்பு 51.5, இப்போது 50. வேகம் நொடிக்கு 15 செ.மீ. ஆகவே நெருங்குகிறது 0.75, அப்படியே 0.25.

படி 3: விதிகள்

மோட்டாருக்குக் கொடுக்கும் பிடபிள்யூஎம் எண் (வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் எண்) 0 முதல் 255 வரை. நான் முதலில் எழுதிய பட்டியல் இது:

கிட்ட, நெருங்குகிறது: 0
கிட்ட, அப்படியே: 80
கிட்ட, விலகுகிறது: 100
நடுவில், நெருங்குகிறது: 120
நடுவில், அப்படியே: 160
நடுவில், விலகுகிறது: 180
தூரம், நெருங்குகிறது: 200
தூரம், மற்ற இரண்டும்: 230

இதில் ஒரு தப்பு இருக்கிறது. இப்போதே கண்டுபிடித்துவிட்டால் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்.

படி 4: கூட்டி வகுப்பது

ஒவ்வொரு விதியிலும் இரண்டு மார்க் இருக்கிறது அல்லவா? சின்னதை எடுங்கள், அதுதான் அந்த விதியின் பலம். நம் 50 செ.மீ. உதாரணத்தில் நான்கு விதிகள்தான் உயிரோடு இருக்கின்றன. மேலிருந்து வரிசையாக அவற்றின் பலம் 0.25, 0.25, 0.75, 0.25. மொத்தம் 1.5.

இனி ஒவ்வொரு பலத்தையும் அதன் வேகத்தால் பெருக்கிக் கூட்டுங்கள்: 0 + 20 + 90 + 40 = 150. அதை 1.5-ஆல் வகுத்தால் 100. மோட்டாருக்குப் போகவேண்டிய எண் அதுதான். தூரம் 49.8 ஆனாலும் இந்த 100 துளிதான் மாறும், விக்கல் போய்விட்டது.

என்னிடம் உள்ள மோட்டார்கள் 75-க்குக் கீழே கொடுத்தால் சுற்றாமல் ‘ங்ங்’ என்று முனகும். அதனால் 75-க்குக் கீழே எது வந்தாலும் 0 என்று வைத்துவிட்டேன். உங்கள் மோட்டாருக்கும் பேட்டரிக்கும் எந்த எண் என்று ஓட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: அந்தத் தப்பு

சுவரை நோக்கி காரை விட்டேன். அழகாக வேகம் குறைந்து நின்றது. ஆனால் நின்ற மறு விநாடி ஒரு சின்ன எட்டு வைத்தது. நின்றது. மறுபடி ஓர் எட்டு. இப்படியே நகர்ந்து போய்ச் சுவரில் மூக்கை உரசிவிட்டுத்தான் ஓய்ந்தது.

குற்றவாளி இரண்டாம் விதி. முன்னால் ஒருவர் நடந்துபோக, கார் அவர் வேகத்திலேயே பின்தொடர்ந்தால் தூரம் ‘அப்படியே’ இருக்கும். சுவர் முன்னால் கார் நின்றுவிட்டாலும் தூரம் ‘அப்படியே’தான். நான் முதலாவதை நினைத்து 80 எழுதினேன், கார் இரண்டாவதிலும் அதையே செய்தது.

இந்த இரண்டையும் பிரித்துக்காட்டும் ஒரு குறிமுறை இருக்கிறது. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் நிகோ வான் டெ வேகே உருவாக்கிய க்யூடிசி (Qualitative Trajectory Calculus) முறையில், இரண்டு பொருள்கள் என்றால் இரண்டு குறிகள். ஒவ்வொன்றும் மற்றதை நோக்கிப் போனால் கழித்தல், விலகினால் கூட்டல், இல்லையென்றால் 0. ஆள் முன்னே நடக்க கார் பின்தொடர்ந்தால் காருக்குக் கழித்தல், ஆளுக்குக் கூட்டல். சுவர் முன் நின்றால் இரண்டுக்கும் 0. எண்ணே இல்லாத வெறும் குறிகள், ஆனால் என் பட்டியல் தவறவிட்டதைப் பிடித்துவிடுகின்றன.

நம் காருக்கு அதில் பாதி போதும். கடைசியாக மோட்டாருக்கு அனுப்பிய எண்ணைப் பாருங்கள். அது 0 என்றால் ‘கிட்ட, அப்படியே’ விதிக்கு 0. இல்லையென்றால் பழைய 80. ஒரே ஒரு இஃப் வரி. எட்டு வைக்கும் வியாதி அதோடு போய்விட்டது. கணக்குப்படி, நின்ற கார் அசையாத சுவரிடமிருந்து சுமார் 39 செ.மீ.க்குள் இருந்தால் இனித் தானாகக் கிளம்பாது. அங்கே ‘நடுவில்’ மார்க் 0.47, அதை 160-ஆல் பெருக்கினால் 75.

படி 6: சென்சாரை நம்பாதீர்கள்

சென்சார் அனுப்பும் ஒலியின் எதிரொலி திரும்பி வர எடுக்கும் மைக்ரோசெகண்டை 58-ஆல் வகுத்தால் செ.மீ. கிடைக்கும். இது ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும் 20 டிகிரி வெப்பத்துக்கான கணக்கு. 35 டிகிரி வெயிலில் அது 352-ஐத் தொடும், 50 செ.மீ.க்கு ஒரு செ.மீ.க்குக் கொஞ்சம் அதிகமாகப் பிசகும். ‘கிட்ட’, ‘நடுவில்’ என்று பேசுகிற காருக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

பொருட்டாவது வேறு. எதிரொலி நேரத்தை அளக்கும் பல்ஸ்இன் ஃபங்ஷனுக்கு 25,000 மைக்ரோசெகண்டு கெடு வைத்திருந்தால், எதிரொலியே வராதபோது அது 0 கொடுக்கும். காலி ஹாலின் நடுவில் கார் சுவரில் முட்டியதாக நினைத்து நின்றுவிடும். எனவே 0 வந்தால் உடனே 400 செ.மீ. என்று மாற்றுங்கள். பிறகு கடைசி மூன்று அளவுகளில் நடுவில் உள்ளதை மட்டும் எடுங்கள். அதற்கும் அப்புறம்தான், 10 செ.மீ.க்குக் கீழே போனால் எந்த விதியையும் கேட்காமல் நிற்கும் வரியை எழுத வேண்டும். வரிசை மாறினால் பழைய கதைதான். ஃபஸ்ஸி காரிலும் இந்த ஒரு வெட்டு விதியை நான் எடுப்பதில்லை.

சாய்வான பரப்பில் ஒலி வேறு பக்கம் தெறித்துப் போய்விடும், தடித்த திரைச்சீலை அதை விழுங்கிவிடும். இரண்டையுமே கார் ‘தூரம்’ என்றுதான் படிக்கும். முதல் ஓட்டத்துக்கு காரை வெறும் சுவருக்கு நேராக விடுங்கள். அது சரியாக நின்றபிறகு, காருக்கு முன்னால் நீங்களே மெதுவாக நடந்து பாருங்கள். நடக்கும்போது ஓர் அட்டைப் பெட்டியைப் பின்னால் இழுத்துக்கொள்ளுங்கள், பேன்ட் துணியிலிருந்து எதிரொலி சரியாக வராது.