சாஸ் அறிக்கையைத் திறக்கும்போது எக்செல் எச்சரித்தால்

சாஸ் என்ற தரவுப் பகுப்பாய்வு மென்பொருளிலிருந்து அனுப்பிய அறிக்கையைத் திறக்கும்போது, கோப்பின் வடிவமும் பெயரின் பின்னொட்டும் பொருந்தவில்லை என்று எக்செல் எச்சரித்தால், தரவு கெட்டுவிட்டதாக அஞ்ச வேண்டியதில்லை. சாஸ் அறிக்கையை எக்செலுக்காக எழுதித் தரும் வார்ப்புருவான எக்செல்எக்ஸ்பி டேக்செட் எழுதுவது உண்மையில் எக்ஸ்எம்எல் என்ற குறியீட்டு உரைக் கோப்பே. அதற்கு நாம் எக்ஸ்எல்எஸ் என்று பெயரிடுவதால், 2007ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் எக்செல் அந்த முரண்பாட்டைச் சுட்டிக்காட்டுகிறது. பின்னொட்டை எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என மாற்றினால் கோப்பு திறக்கவே திறக்காது. எக்ஸ்எம்எல் என்றே பெயரிட்டால் எச்சரிக்கை நின்றுவிடும்.

சாஸ் 9.4இன் மூன்றாம் பராமரிப்பு வெளியீடோ அதற்குப் பிந்தையதோ இருந்தால், ஓடிஎஸ் (சாஸின் வெளியீட்டு அமைப்பு) எக்செல் கட்டளையால் அசல் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பையே உருவாக்குவது நல்லது. அறிக்கை முடிந்ததும் அந்த ஓடிஎஸ் எக்செல் வெளியீட்டை மூடும் கட்டளையை எழுத மறக்கக் கூடாது. பலரும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் பதிவேட்டில் (ரெஜிஸ்ட்ரி) எச்சரிக்கையை அடக்கவும் முடியும், ஆனால் தீங்கான கோப்புகளும் அவ்வாறே ஓசையின்றித் திறந்துவிடும் என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை.