கரண்டும் ரோடும் ஒன்றாகப் போகும் நாளுக்கு: வீட்டுக்கு ஒரு பெட்டி, காருக்கு ஒரு பை

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். வீடு குலசேகரம் பக்கம், சுற்றிலும் ரப்பர் தோட்டம். எமர்ஜென்சி கிட்டில் என்னவெல்லாம் வேண்டும் என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்டால், 2017 நவம்பர் 30-ஐத்தான் முதலில் நினைவுபடுத்துவேன். ஒக்கி புயல் கரையேறவே இல்லை, கடல் வழியாகத்தான் கடந்து போனது. அதற்கே ரப்பர் மரங்கள் முறிந்து ரோட்டை அடைத்தன, மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன, சில ஊர்களுக்குக் கரண்டு வர வாரக்கணக்கானது. நம் மாவட்டத்தில் பெட்டி தயார் செய்வது அப்படிப்பட்ட நாளுக்காகத்தான். கடைக்குப் போக வழியில்லை, போனில் யாரையும் கூப்பிட முடியாது, பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே நிலை என்று வைத்துக்கொண்டு யோசியுங்கள்.

முதலில் தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று கணக்கு வையுங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் 20 லிட்டர் கேன் மூன்று நிரம்பி இருந்தால் மூன்று நாள் ஓடும். ஆனால் இங்கே பெரும்பாலான வீட்டில் கிணறு உண்டே? மோட்டார் வைத்த பிறகு கப்பியைக் கழற்றிப் போட்ட வீடுகள்தான் அதிகம். கரண்டு போனால் தண்ணீர் கண்ணுக்குத் தெரியும், கைக்கு வராது. கப்பியைத் திரும்ப மாட்டுங்கள். கிணற்றின் ஆழத்துக்கு வேண்டிய கயிறும் ஒரு வாளியும் தனியாக இருக்கட்டும். வெள்ளம் கலந்த கிணறு என்றால் அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டுச் சுத்தம் செய்த பிறகும் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

அடுத்தது மருந்து. பிரஷர், சர்க்கரை, தைராய்டு, வலிப்பு என்று தினமும் சாப்பிடுகிற மாத்திரை எதுவானாலும் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக இருக்க வேண்டும். அதைத் தனியாக ஒதுக்கிப் பூட்டி வைக்காதீர்கள், காலாவதி ஆகிவிடும். புதிதாக வாங்கியது பெட்டிக்குள், பெட்டியில் இருந்தது கைக்கு என்று மாற்றிக்கொண்டே இருங்கள். இன்னொன்று: மாத்திரை அட்டையில் தேதி பெரும்பாலும் ஒரு ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும். அந்த ஓரத்திலிருந்து கிழித்துத் தின்றால் மிச்சம் எந்த வருஷத்து மருந்து என்றே தெரியாது. எதிர் ஓரத்திலிருந்து தொடங்குங்கள்.

என் மாமியாருக்கு இன்சுலின். பிரிட்ஜ் ஓடாத நாளுக்கு எங்கள் வீட்டில் ஒரு வாயகன்ற மண்சட்டி, அதற்குள் ஒரு சின்னக் கலயம். இரண்டுக்கும் நடுவில் ஆற்றுமணல். மணல் நனையத் தண்ணீர் ஊற்றி, இன்சுலினை மூடிபோட்ட டப்பாவில் கலயத்துக்குள் இறக்கி, மேலே ஈரத்துணி போட்டு, காற்று வருகிற நிழலில் வைப்போம். காலையும் மாலையும் மணலை நனைக்க வேண்டும். பூச்சு இல்லாத வெறும் மண்பாண்டமாக இருந்தால்தான் குளிரும். அடைமழை ஈரத்தில் குளிர்ச்சி குறையும், ஆனாலும் அடுப்படி அலமாரியைவிட மேல். ஐஸ் மேல் நேராக வைக்காதீர்கள். உறைந்துபோன இன்சுலினைக் கண்டிப்பாகப் போடக் கூடாது.

வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பொடியும் வேண்டும். பெரிய பாக்கெட் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு முழுப் பாக்கெட். ஒரு டம்ளரில் பாதியைக் கொட்டிக் கலக்கிப் பிள்ளைக்குக் கொடுப்பது ஆபத்து, உப்பு கூடிப்போகும். மற்றபடி பஞ்சு, காஸ் துணி, பேண்டேஜ், காயத்துக்குப் போடும் பொவிடோன் அயோடின், பாராசிட்டமால் போதும். மழை விட்டதும் பாம்பு வரும். அதற்குப் பெட்டியில் மருந்து வைக்க முடியாது. கட்டுப் போட்டு இறுக்காதீர்கள், கீறாதீர்கள். கடிபட்டவரை நடக்கவிடாமல், ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கோ பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கோ உடனே கொண்டுபோங்கள். நல்ல டார்ச்சும் முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸும்தான் இதற்கான கிட்.

சாப்பாட்டுக்கு நம் ஊர்ச் சரக்கே போதும்: அவல், கருப்பட்டி, வறுகடலை, தேங்காய், ஏத்தங்காய் சிப்ஸ். அடுப்பு பற்றவைக்காமல் இரண்டு நாள் தள்ளலாம்.

டவர் போனபின் செய்தி வருவது பேட்டரி ரேடியோவில்தான். நாகர்கோவில் வானொலி நிலையம் எடுக்கிறதா என்று இன்றே திருப்பிப் பாருங்கள். ஜி-பே வேலை செய்யாது, ஏ.டி.எம். வேலை செய்யாது. 50, 100 ரூபாய் நோட்டாகக் கொஞ்சம் பணம் வையுங்கள். ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, பாஸ்புக் நகல்களை ஜிப் கவரில் போடுங்கள். ஜெனரேட்டர் இருந்தால் வாசலுக்கு வெளியே, ஜன்னலை விட்டுத் தள்ளி ஓடட்டும். அந்தப் புகை வீட்டுக்குள் நின்றால் தூங்குகிறவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள்.

காருக்கு: ஸ்டெப்னியில் காற்று, ஜாக்கி, ஸ்பேனர், ஜம்பர் கேபிள், இழுக்கும் கயிறு, எச்சரிக்கை முக்கோணம், ரெயின்கோட், கிளை அறுக்கச் சின்னக் கைரம்பம். ரம்பம் எடுப்பதற்கு முன் மேலே பாருங்கள். மரத்தில் கம்பி பின்னிக் கிடந்தால் கிட்டவே போகக் கூடாது. கண்ணாடி உடைக்கிற சுத்தியலும் சீட் பெல்ட் அறுக்கிற கத்தியும் டிக்கியில் இருந்தால் பயனில்லை, டிரைவர் கையெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். உடைப்பதென்றால் பக்கக் கண்ணாடியின் மூலையில். முன்கண்ணாடி எளிதில் உடையாது. மழைக்காலத்தில் டேங்க் பாதிக்குக் கீழே போக வேண்டாம், கரண்டு இல்லாவிட்டால் பங்கிலும் பெட்ரோல் வராது. மருந்தையும் பவர் பேங்கையும் வெயிலில் நிற்கும் காரில் விட்டுவைக்காதீர்கள், சார்ஜர் வயர் மட்டும் இருந்தால் போதும். வீட்டில் கரண்டு இல்லாத நாளில் போன் சார்ஜ் ஏற்றக் கார்தான் உதவும். திறந்த வெளியில் நிறுத்தி ஏற்றுங்கள். குழித்துறை ஆறோ பழையாறோ ரோட்டில் ஏறியிருந்தால் எந்தக் கிட்டும் காப்பாற்றாது. ஒரு அடி ஓடும் தண்ணீரே சின்னக் காரைத் தூக்கிவிடும். திரும்பிவிடுங்கள்.

குளச்சல், மணக்குடி, தேங்காப்பட்டணம் போன்ற கடலோர ஊர்களில் பெட்டியைவிடத் தோளில் மாட்டும் பைதான் சரி. கள்ளக்கடல் (திடீரென்று கடல் பொங்கிக் கரையேறுவது) எச்சரிக்கை வந்தாலோ, 2004 சுனாமியில் பார்த்ததுபோலக் கடல் உள்வாங்கினாலோ, தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடும் எடையில் இருக்க வேண்டும்: மருந்து, காகிதங்கள், தண்ணீர் பாட்டில், டார்ச். அவ்வளவுதான்.

வருஷத்துக்கு இரண்டு முறை பிரித்துப் பாருங்கள்: இடவப்பாதி மழைக்கு (தென்மேற்குப் பருவமழை) முன் மே மாதத்தில், ஐப்பசி மழைக்கு முன் செப்டம்பர் கடைசியில். டார்ச் பேட்டரியைக் கழற்றித் தனியாக வையுங்கள், உள்ளே கிடந்தால் கசிந்து டார்ச்சையே கெடுக்கும். பெட்டி மூடியின் உள்பக்கம் பெரிய எழுத்தில் எண்களை எழுதி ஒட்டுங்கள்: ஆம்புலன்ஸ் 108, அவசர உதவி 112, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987. அதற்குக் கீழே சொந்தக்காரர் இரண்டு பேரின் எண்ணும், வீட்டில் யாருக்கு என்ன மருந்து, எத்தனை வேளை என்பதும் இருக்கட்டும்.