டிசைனர் பாசிமணி மாலையை வீட்டில் கோர்க்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

மிரியம் ஹாஸ்கெல் 1920-களில் நியூயார்க்கில் நகைக்கடை வைத்தவர். அவர் கடை நகைகளில் தங்கமும் இல்லை, வைரமும் இல்லை. முரானோ கண்ணாடி மணி, ஜப்பானியச் செயற்கை முத்து, பூ வேலை செய்த பித்தளைத் தகடு, மெல்லிய கம்பி, இவ்வளவுதான். ஃபிராங்க் ஹெஸ் என்பவர் வடிவமைக்க, ஒவ்வொரு மணியையும் கையாலேயே கட்டினார்கள். கம்பி முடிச்சுகள் தெரியாதபடி பின்பக்கமும் ஒரு தகடு வைத்து மூடினார்கள். பழைய நகை சேகரிப்பவர்கள் இன்றைக்கும் அவற்றைத் தேடித்தேடி நல்ல விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

அந்தப் பாணியில், சின்னக் கண்ணாடி மணிகளைப் பன்னிரண்டு சரமாகக் கோர்த்துக் கயிறு போல முறுக்கிய மாலை ஒன்று செய்ய வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. பொருள் மலிவானது என்பதால் நம்மாலும் முடியும். ஆனால் அந்த மாலைக்கு மதிப்பு வந்தது வேலைப்பாட்டால். நாம் தடுக்கி விழுகிற இடங்களும் அநேகமாக அந்த வேலைப்பாட்டில்தான். நான் மூன்று முறை கோர்த்து, இரண்டு முறை பிரித்திருக்கிறேன்.

முதல் தவறு, பிடித்த டிசைனர் மாலையின் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு நேராகக் கடைக்குப் போவது. பாரிமுனைப் பக்கம் மணிக் கடைக்குள் நுழைந்துவிட்டால் கண் நிற்காது. முதல் தடவை ஏழு விதமான மணிகளை வாங்கி வந்தேன். எல்லாம் அழகு, சேர்த்துக் கோர்த்தால் திருவிழாக் கடை மாலை போல இருந்தது. நல்ல டிசைனர் மாலையை உற்றுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே நிறக் குடும்பம்தான் இருக்கும். அதிலேயே ஒன்று பளபளப்பு, ஒன்று மங்கல், ஒன்று கொஞ்சம் கருமை என்று மூன்று சாயல் கலந்திருக்கும். நானும் அப்புறம் மூன்றோடு நிறுத்திக்கொண்டேன். பச்சையில் மூன்று சாயல், இடையிடையே சில முத்து.

கிளம்பும் முன் படத்திலிருந்து அளவு எடுத்துவிடுங்கள். மாலையை ஒருவர் அணிந்திருக்கும் படமாக, அவர் நேராகப் பார்க்கும் படமாக இருந்தால் நல்லது. பெரியவர்களுக்கு இரண்டு கருவிழிகளின் மையத்துக்கும் நடுவே ஏறக்குறைய 6 செ.மீ. தூரம் இருக்கும். படத்தில் அந்தத் தூரத்தை ஸ்கேல் வைத்து அளந்து, மாலையின் தடிமனையும் அளந்து ஒப்பிட்டால் உண்மையான தடிமன் கிடைத்துவிடும். துல்லியமாக வராது. ஆனாலும் 4 மி.மீ. மணி வாங்க வேண்டிய இடத்தில் 8 மி.மீ. வாங்கிவிட்டுத் திண்டாட வேண்டாம்.

சின்ன மணிகளின் நம்பரில் பலர் ஏமாந்துபோகிறார்கள். நம்பர் கூடக்கூட மணி சிறிதாகும். 6 நம்பர் மணி சுமார் 4 மி.மீ., 8 நம்பர் சுமார் 3 மி.மீ., 11 நம்பர் சுமார் 2 மி.மீ. முறுக்கு மாலைக்கு 11 நம்பர்தான் சரி. அதற்கு மேல் பெரிதானால் சரங்கள் ஒன்றோடொன்று படியாமல் விறைத்து நிற்கும்.

எவ்வளவு வாங்குவது? 11 நம்பரில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 18 மணி பிடிக்கும். 18 அங்குலத்தில் 12 சரம் என்றால் ஏறக்குறைய 3,900 மணி. ஒரு கிராமுக்கு 110 மணி போல வரும், ஆக 35 கிராம். ஆனால் 50 கிராமாக வாங்குங்கள். விலை குறைந்த பாக்கெட்டில் கோணல் மணி, பாதி உடைந்த மணி, துளை அடைத்த மணி எல்லாம் கலந்திருக்கும். பாதியில் தீர்ந்துபோய் மறுபடி கடைக்கு ஓடினால் அதே சாயல் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு கலவையில் வார்த்த நிறம் அடுத்த கலவையில் கொஞ்சமாவது மாறும்.

அடுத்தது சாயம். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மே மாதக் கல்யாணம் ஒன்றுக்கு, முதலில் கோர்த்த மாலையைப் போட்டுக்கொண்டு போனேன். சாப்பாட்டுப் பந்தி முடிவதற்குள் சந்தன நிற ரவிக்கையின் கழுத்தில் பச்சைக் கறை. வியர்வையில் மணியின் சாயம் இறங்கியிருந்தது. கடைக்காரர் கண்ணாடி மணி என்று சொன்னது உண்மைதான். ஆனால் நிறம் கண்ணாடியில் கலந்தது இல்லை, மேலே பூசியது. நம் ஊர் வெயிலில் இதைப் பார்க்காமல் விடவே கூடாது. ஒவ்வொரு வகையிலும் பத்து மணி எடுத்து உப்புத் தண்ணீரில் ஓர் இரவு ஊறப்போடுங்கள். காலையில் வெள்ளைத் துணியில் அழுத்தித் தேயுங்கள். அப்புறம் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டும் தேய்த்துப் பாருங்கள். உலோகப் பளபளப்புப் பூசிய மணிகளும், துளைக்குள் மட்டும் நிறம் தடவிய மணிகளும்தான் அதிகம் ஏமாற்றும். உள்ளும் புறமும் ஒரே நிறமாக இருக்கும் கண்ணாடி பெரும்பாலும் தாங்கும்.

காசு மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் நூல். மணியில் எவ்வளவு வேண்டுமானாலும் சிக்கனம் பாருங்கள், தவறில்லை. நூலில் பார்த்தால் ஒரு நாள் மூவாயிரம் மணியும் தரையில் உருளும். தையல் மிஷின் பருத்தி நூல் வியர்வையில் இற்றுப்போகும். தங்கூசி நரம்பு, அதாவது தூண்டிலுக்குப் போடும் ஒற்றை நைலான் இழை, எளிதில் கிடைக்கும், ஊசியும் தேவையில்லை. ஆனால் அது நாளாக ஆக நீளும், மடித்த இடத்தில் மடிப்பு நிற்கும், போட்ட முடிச்சும் நழுவும். கியர் ஒயர், அதாவது மேலே பிளாஸ்டிக் பூசிய மெல்லிய உலோகக் கம்பி, உறுதியானது, பெரிய மணி கோர்த்த ஒற்றைச் சர மாலைக்கு அதுதான் சரி. ஆனால் முறுக்கு மாலைக்கு அதைப் போட்டால் சரம் குழையாது, கழுத்தில் வளையம் மாட்டியது போல நிற்கும். மணி கோர்ப்பதற்கென்றே பின்னிய நைலான் நூல் விற்கிறது. அதில் தேன்மெழுகு தடவி இரட்டை இழையாகக் கோர்த்தால் துணி போல வளைந்து விழும். நீளக் குழல் மணி சேர்ப்பதாக இருந்தால் அதன் இரு முனையிலும் ஒரு சின்ன மணி வையுங்கள். குழலின் வெட்டு முனை கூர்மையானது, நூலை அரம் போல அறுக்கும்.

கோர்க்கும்போது ஒவ்வொரு மணியாக விரலில் எடுக்க வேண்டாம். தட்டில் கொட்டி ஊசி முனையாலேயே குத்திக் குத்தி எடுத்தால் வேலை பல மடங்கு வேகமாகும். கோயில் வாசலில் பாசிமணி விற்கும் நரிக்குறவர் பெண்களின் கையைப் பார்த்துத்தான் இதைக் கற்றுக்கொண்டேன். கை ஓடும் அந்த வேகம் எனக்கு இன்னும் வரவில்லை.

இனி இறுக்கம். மணிகளுக்கு நடுவே நூல் தெரியக் கூடாது என்று இழுத்து இறுக்கிக் கட்டுவது புதிதாகச் செய்யும் எல்லோரும் செய்வது. அப்படிக் கட்டிய சரம் கழுத்தில் வளையாமல் கோணல்மாணலாக மடியும், நூலும் மணி விளிம்பில் உரசி அறும். சரத்தை அரைவட்டமாக வளைத்து வைத்துக்கொண்டு, 2 அல்லது 3 மி.மீ. தளர்வு விட்டு முடிச்சுப் போடுங்கள். கியர் ஒயரில் கோர்த்தாலும், முடிச்சுக்குப் பதில் முனையில் நசுக்கி இறுக்கும் சின்ன உலோக மணியான கியர் லாக்கை நசுக்கும் முன் இதே தளர்வு வேண்டும்.

முறுக்கினால் நீளம் குறையும் என்பதை மறந்துவிடாதீர்கள். 18 அங்குலச் சரம் முறுக்கின் அளவைப் பொறுத்து ஒன்று முதல் இரண்டு அங்குலம் வரை சுருங்கும். இரு முனையிலும் டேப் ஒட்டி, முறுக்கி, கண்ணாடி முன் கழுத்தில் வைத்துப் பார்த்த பிறகே முடிச்சுக்குப் போங்கள். நான் முதலில் பிரித்தது இந்தக் காரணத்தால்தான். கழுத்தைப் பிடித்துக்கொண்டது.

முனை வேலை தனி. பன்னிரண்டு சரத்தின் முடிச்சையும் ஒரு கம்பி வளையத்தில் கட்டி, கம்பியைக் கூம்பு மூடிக்குள் இழுத்து, வெளியே வரும் நுனியைக் கொக்கியோடு பிணைக்க வேண்டும். கூம்பின் வாய் அகலம் போதுமா என்று கடையிலேயே பாருங்கள். மூடிக்கு வெளியே முடிச்சுத் துருத்திக்கொண்டு நின்றால் எவ்வளவு நல்ல மணியும் மலிவாகத் தெரியும். முடிச்சில் சூப்பர் க்ளூ விடாதீர்கள். நூல் விறைத்து அந்த இடத்திலேயே ஒடியும், பக்கத்து மணியிலும் வெண்மை படியும். நிறமில்லாத நகப்பூச்சு ஒரு சொட்டு போதும். கொக்கியை மாட்டும் சின்னக் கம்பி வளையமான ஜம்ப் ரிங்கைத் திறக்கும்போது இரண்டு முனையையும் அகட்டாதீர்கள். ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னும் தள்ளுங்கள், மூடினால் இடைவெளி இருக்காது.

இன்னொன்று. வடிவத்தையும் நிறச் சேர்க்கையையும் பார்த்து உந்துதல் பெறலாம், பிராண்டின் முத்திரையைச் செய்து தொங்கவிடக் கூடாது. பிறர் முத்திரையோடு விற்பது 1999-ஆம் ஆண்டு வணிகக் குறி சட்டப்படி குற்றம். நாமே நான்கு நாள் உட்கார்ந்து கோர்த்த மாலைக்கு இன்னொருவர் பெயர் எதற்கு?

எனக்குச் சரியாக வந்தது மூன்றாவது மாலைதான். சரங்களைக் கோர்த்து, ஒரு முனையை மட்டும் கட்டி, ஓர் இரவு முழுக்க ஆணியில் தொங்கவிட்டேன். மணிகளின் எடையில் நூல் நீள வேண்டியது நீண்டு நின்றது. காலையில் இரண்டு சரத்தில் மேல்பக்கம் ஒரு மணி அளவுக்கு இடைவெளி விழுந்திருந்தது. ஆளுக்கொரு மணி சேர்த்து, முறுக்கி, கூம்பை மூடினேன்.